பெஞ்சில் உட்காரப்போவது யார்? கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் அப்பாவின் கல்லறையருகே நினைவு பெஞ்சு ஒன்று போட அனுமதி கேட்டு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அதை விரைவுபடுத்தச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அது அதன் வரிசையில் வரட்டும். எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது அந்தப் படிவத்தைப் பற்றி. பெஞ்சைக் குறித்து அதில் நீங்கள் கேட்பது மூன்றே விஷயம்: நீளம் எவ்வளவு, கல் என்ன நிறம், என்ன வாசகம் வெட்டப்போகிறீர்கள். தலைமாட்டுக் கல்லுக்கும் இதே மூன்றுதான் கேட்கிறீர்கள். தலைமாட்டுக் கல்லில் யாரும் உட்காருவதில்லை. பெஞ்சில் உட்காருவார்கள், அதிலும் பெரும்பாலும் வயதானவர்கள், நடந்து களைத்தவர்கள், அழுது ஓய்ந்தவர்கள். அவர்களைப் பற்றி உங்கள் விதியில் ஒரு வரிகூடக் கிடையாது.

வேறு சில கல்லறைத் தோட்டங்களின் விதிகளையும் கேட்டு வாங்கிப் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு மட்டும் எழுதி உறையில் போடாமல், எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உயரத்திலிருந்து தொடங்குகிறேன். பெஞ்சு விற்பவர்கள் காட்டும் படங்களில் எல்லா பெஞ்சும் அழகாகவே இருக்கும். இரண்டு கல் கால், மேலே ஒரு பலகைக் கல், பளபளவென்ற மெருகு. சாய்மானம் கிடையாது, கைப்பிடி கிடையாது. எவ்வளவு உயரம் என்பது படத்தில் தெரியாது, வாங்குகிறவர்களும் அந்த நேரத்தில் கேட்கிற மனநிலையில் இருப்பதில்லை. தரையிலிருந்து உட்காரும் இடம்வரை 45 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒன்றரை அடி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு வசதி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் இன்னும் நல்லது. இதை எங்கிருந்து அளப்பது என்பதுதான் சிக்கல். கடையில் 45 இருக்கும் பெஞ்சைக் கொண்டுவந்து, காலைக் கொஞ்சம் அஸ்திவாரத்துக்குள் இறக்கி, சுற்றிலும் மண்ணோ சல்லியோ நிரப்பி முடித்தால் 38, 40 என்று நிற்கும். அளவு, வேலை முடிந்த பிறகு பாதம் படும் தரையிலிருந்து எடுத்த அளவாக இருக்க வேண்டும். விதியில் இந்த ஒரு வாக்கியம் போதும்.

எங்கள் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். இப்போது அவர் உட்காருவது பாதையோரம் எப்போதோ யாரோ போட்டுவைத்த ஒரு கல் பெஞ்சில். உட்காரும்போது கைத்தடியை முன்னால் ஊன்றி, மற்ற கையால் பின்பக்கம் துழாவி, கல் தட்டுப்பட்டதும் உடம்பை விட்டுவிடுவார். அது எப்படியோ நடந்துவிடும். எழுவதுதான் பாடு. எழ வேண்டுமென்றால் யாராக இருந்தாலும் பாதத்தை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். நீங்களே ஒருமுறை நாற்காலியிலிருந்து பாதத்தை இழுக்காமல் எழுந்து பாருங்கள், தெரியும். அந்தப் பெஞ்சின் கீழே முன்பக்கம் முழுக்க அடைத்த கல். அம்மாவின் குதிகால் அதில் இடிக்கும். பிடித்து எழக் கைப்பிடியும் இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு மூச்சு விட்டு, பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்து, அப்புறம் ஒருவழியாக நிமிர்வார். நான் வராத நாளில் பெஞ்சுப் பக்கமே போவதில்லை, நின்றபடியே பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்கிறார்.

ஆக, கைப்பிடி அலங்காரம் கிடையாது. இரண்டு பக்கமும் வேண்டும், உட்காரும் மட்டத்திலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில், இருக்கையின் முன் விளிம்புவரை நீண்டு இருக்க வேண்டும். அழகுக்காகப் பாதியிலேயே சுருண்டு நின்றுவிடும் கைப்பிடியால் எழுகிறவருக்கு உதவி இல்லை. இருக்கைக்குக் கீழே கால் இழுக்க இடம் வேண்டும். சாய்மானம் இருந்தால் நீண்ட நேரம் உட்காரலாம். நீண்ட நேரம் உட்காரத்தானே பெஞ்சு? சக்கர நாற்காலியில் வருகிறவர் பெஞ்சில் இருப்பவருக்குப் பக்கத்திலேயே நிற்கும்படி ஒரு பக்கத்தில் 90 சென்டிமீட்டர் சமதளம் விட்டால், கணவனும் மனைவியுமாகவோ அக்கா தம்பியாகவோ வருகிறவர்கள் அடுத்தடுத்து இருந்து பேசலாம். அதை விடாவிட்டால் நாற்காலிக்காரர் பெஞ்சுக்கு எதிரே, பாதை நடுவில் நிற்பார்.

உங்கள் பக்கத்துச் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. பெஞ்சு வந்தால் புல் வெட்டுகிறவருக்குத் தலைவலி. அடுத்த குழி தோண்ட இயந்திரம் உள்ளே வர வழி வேண்டும். அதே குழியில் பின்னாளில் இன்னொருவரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தால் பெஞ்சைத் தூக்க வேண்டும், அதை யார் தூக்குவது, யார் திரும்ப வைப்பது என்று சண்டை வரும். இதெல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் இந்தக் கவலைகளுக்கும் உங்கள் விதியில் விடை இல்லை என்பதைக் கவனியுங்கள். "நான்கு அடிக்கு மேற்படாத நீளம்" என்பது இவற்றில் எதையும் தீர்ப்பதில்லை.

நீளத்தைவிட ஆழம்தான் தகராறு. இருக்கையின் ஆழம் 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உட்கார்ந்தவரின் காலுக்கு முன்னால் இன்னும் 60 சென்டிமீட்டராவது வேண்டும். ஆக ஒரு பெஞ்சு உண்மையில் பிடிக்கும் இடம் ஒரு மீட்டருக்கு மேல். கல்லறையின் கால்மாட்டில், தலைமாட்டுக் கல்லைப் பார்த்தபடி பெஞ்சைப் போட்டால் உட்காருகிறவரின் முதுகு அடுத்த வரிசைக்காரரின் தலைமாட்டில் இருக்கும். பக்கவாட்டில் போட்டால் பாதம் பக்கத்துக் கல்லறை மேல். அந்தக் குடும்பம் வந்து பார்த்தால் மனம் வருந்தாதா? கண்ணுக்குத் தெரிகிற கல்லை மட்டும் அளந்து அனுமதி கொடுத்தால் இப்படித்தான் ஆகும். கல்லோடு காலையும் சேர்த்து அளக்கச் சொல்லுங்கள். அப்படி அளந்தால் பல மனுக்களில் கல்லறை மேலேயே பெஞ்சு என்பது நடக்காது, பாதையோரம்தான் சரி என்று குடும்பத்தாருக்கே விளங்கிவிடும். எங்களுக்கு அப்படித்தான் விளங்கியது.

புல் வெட்டுகிறவருக்கான தீர்வு எளிது. பெஞ்சின் காலடியில் தளம் போடும்போது நான்கு பக்கமும் 15 சென்டிமீட்டர் வெளியே நீட்டிப் போட்டுவிட்டால் இயந்திரத்தை அதன் ஓரமாகவே ஓட்டிவிடலாம். இல்லாவிட்டால் கால் ஓரத்துப் புல்லை நைலான் நரம்பு சுழலும் இயந்திரத்தால் அறுக்கிறார்கள், அந்த நரம்பு மரக் காலை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தின்கிறது. அதே தளம் மரக் காலை ஈர மண்ணிலிருந்தும் காப்பாற்றும். மர பெஞ்சு முதலில் உளுத்துப்போவது இருக்கையில் அல்ல, மண்ணில் நிற்கும் கால் நுனியில்.

இனி, எதில் செய்வது. நீங்கள் கேட்பது நிறம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிறத்தைக் கடைசியாகக் கேட்பேன்.

கிரானைட் கெட்டி, பல தலைமுறைக்கு நிற்கும், எழுத்தும் மங்காது. ஆனால் எடையை யோசிக்க வேண்டும். ஒரு கன மீட்டர் கிரானைட் ஏறக்குறைய 2,700 கிலோ. 120 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 10 தடிமன் உள்ள ஒரு பலகைக் கல் மட்டும் சுமார் 130 கிலோ வரும். அதற்குக் கால்களையும் சேர்த்தால் இருநூறைத் தாண்டும். இவ்வளவு எடை, ஒட்டுப்பசையின் தயவில் மட்டும் நிற்கக் கூடாது. பலகைக் கல் கால்களுக்கு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால், ஒருவர் நுனியில் பொத்தென்று உட்காரும்போது மறுநுனி தூக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பெரியவர்கள் உட்காருவதை மட்டும் நினைத்துப் பார்க்காதீர்கள். கல்லறைக்கு வரும் குழந்தைகள் பெஞ்சின் மேல் ஏறுவார்கள், நுனியில் தொங்குவார்கள். சரியாகப் பொருத்தாத கல்லறைக் கற்கள் சாய்ந்து குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உலகில் நடந்திருக்கின்றன. காலுக்கும் பலகைக்கும் நடுவில் உலோக ஊசி இறக்கிப் பூட்ட வேண்டும் என்பதை விருப்பமாக விடாதீர்கள், கட்டாயமாக்குங்கள்.

அந்த ஊசி சாதாரண இரும்பாக இருக்கவும் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். இதற்கு மிகப் பெரிய சாட்சி ஏதென்ஸ் நகரத்துப் பார்த்தினான் கோயில். பழங்காலக் கொத்தர்கள் பளிங்குக் கற்களை இரும்புப் பட்டைகளால் இணைத்தபோது அவற்றைச் சுற்றி ஈயம் ஊற்றி மூடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீரமைத்தவர்கள் அந்த ஈயக் கவசம் இல்லாமல் இரும்பைப் போட்டார்கள். துரு ஏறிப் பளிங்கு வெடித்தது. பிறகு வந்தவர்கள் அந்த இரும்பையெல்லாம் தேடித்தேடி எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. நம் பெஞ்சுக்கு டைட்டானியம் தேவையில்லை, துருப்பிடிக்காத எஃகு போதும்; கடற்காற்று வீசும் இடமென்றால் 304 ரகம் போதாது, 316 ரகம் வேண்டும். கல் வேலை செய்கிறவர் என்ன ஊசி வைக்கிறார் என்று படிவத்தில் ஒரு கட்டம் போட்டாலே அவர் கவனமாகிவிடுவார்.

கறுப்பு கிரானைட்டைப் பற்றி ஒரு வார்த்தை. மெருகேற்றிய கறுப்பில் எழுத்து எடுப்பாகத் தெரியும், அதனால் எல்லாரும் அதைக் கேட்கிறார்கள். வெயிலில் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நண்பகலுக்குப் பின் அதன்மேல் உட்கார முடியாது. தலைமாட்டுக் கல்லின் நிறத்திலேயே பெஞ்சும் இருக்க வேண்டும் என்ற உங்கள் விதி, கறுப்புத் தலைமாட்டுக் கல் வைத்த குடும்பங்களை நிழலில்லாத இடத்தில் கறுப்பு பெஞ்சு போடச் சொல்கிறது. எழுத்துள்ள பகுதி மட்டும் கறுப்பாகவும் இருக்கை வெளிர் நிறமாகவோ மரமாகவோ இருந்தால் எதுவும் கெட்டுவிடாது.

பளிங்கு இன்னொரு சங்கதி. புதிதில் அதைப்போல வேறு கல் இல்லை. ஆனால் அது சுண்ணக்கல் வகை, கால்சியம் கார்பனேட். மழைநீரில் உள்ள அமிலம் அதை மெல்லக் கரைக்கும். சில பத்தாண்டுகளில் மேற்பரப்பு சர்க்கரைபோலப் பொரபொரத்து, எழுத்தின் விளிம்புகள் மழுங்கிப்போகும். பழைய கல்லறைத் தோட்டம் எதிலும் இதைப் பார்க்கலாம்: கிரானைட்டில் வெட்டிய பெயர் தெளிவாக இருக்கும், பக்கத்தில் பளிங்கில் வெட்டியதை விரலால் தடவித்தான் படிக்க வேண்டும்.

எனக்குக் கேட்டால் உட்காருவதற்கு மரம்தான். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ச் சத்து இருக்கிறது, மழை வெயிலைத் தாங்கும், கல்லைப்போலச் சுடாது, குளிர்ந்தும் போகாது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் தண்ணீர் நிற்காது. கல் பெஞ்சென்றால் இருக்கையை இலேசாகச் சாய்த்து வெட்டினால்தான் நீர் வடியும். வார்னிஷ் அடிக்காமல் விட்டால் தேக்கு நாளடைவில் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்கு வரும். அது பழுது கிடையாது. இதை விதியிலேயே எழுதிவைத்தால் "பெஞ்சின் நிறம் போய்விட்டது, வண்ணம் அடிக்கவும்" என்று அலுவலகத்திலிருந்து கடிதம் போவது நிற்கும். உங்கள் விதியோ மரத்தை அடியோடு தடுக்கிறது. காரணம் கேட்டேன், உளுத்துப்போகும் என்றார்கள். உண்மைதான், என்றாவது உளுக்கும். கல் பிளந்தால் மொத்தமாக மாற்ற வேண்டும், மரத்தில் ஒரு பலகை போனால் ஒரு பலகையை மாற்றினால் போதும் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கலாம். மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகைகளும் வருகின்றன. அவை உளுக்காது, பூச்சி அரிக்காது, ஆனால் தாங்குகால்கள் தூரமாக இருந்தால் வெப்பத்தில் நடுவில் தொய்யும். எனக்குப் பிடிக்காது, பிடித்தவர்களுக்குத் தடை வேண்டாம்.

எப்போது போடுவது என்பதில் உங்களுக்கு இருக்கும் அதிகாரத்தை நீங்கள் பயன்படுத்தவே இல்லை. தோண்டி மூடிய மண் இறுகிப் படிய மாதக்கணக்கில் ஆகும். ஆறு மாதம், ஓராண்டு என்று காத்திருப்பது கல் வைப்பவர்களிடம் பொதுவான வழக்கம். மண் படியுமுன் பெஞ்சு போட்டால் ஒரு பக்கம் இறங்கும், ரசமட்டம் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, உட்கார்ந்தாலே தெரியும். தோண்டாத கெட்டி மண்ணில் தாங்கி நிற்கும்படி அஸ்திவாரம் போடலாம், அல்லது குழியை விட்டு விலகிப் போடலாம், இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும். அனுமதியைக் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான் தருவோம் என்று நீங்கள் சொன்னால் குடும்பங்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அடக்கம் முடிந்த வாரமே படப் புத்தகத்தோடு ஆட்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். "இந்த மாதத்துக்குள் சொன்னால் விலையில் கழிவு" என்றார்கள். அன்றைக்கு யாருக்கு அளவுநாடாவைப் பற்றி நினைவிருக்கும்? அப்பாவுக்குப் பெரியதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று மட்டும்தான் தோன்றும். உங்கள் விதி குறுக்கே நின்றால் அந்த அவசரத்துக்கு இடமில்லாமல் போகும். பழி உங்கள் மேல் விழும், கொஞ்ச நாள் திட்டுவார்கள். பரவாயில்லை, தாங்கிக்கொள்ளுங்கள்.

வாசகத்துக்கு வருகிறேன். இதில் உங்கள் கட்டுப்பாட்டை நான் முழுதாக எதிர்க்கவில்லை. முதல் உலகப் போரில் இறந்த பிரிட்டிஷ் பேரரசு வீரர்களின் கல்லறைகளைப் பராமரிக்க 1917இல் அமைக்கப்பட்ட ஆணையம், எல்லாருக்கும் ஒரே அளவுக் கல் வைத்தது. தளபதிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடு இல்லை. அந்தக் கல்லின் அடியில் குடும்பம் விரும்பும் வாசகத்துக்கு இடம் விட்டது. இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துதான். அந்த 66க்குள் பெற்றவர்களும் மனைவிமாரும் சொல்லிச் சென்றதைப் படித்தால், எல்லை வைப்பது கொடுமை என்று சொல்ல வராது. ஆகவே எழுத்து எண்ணிக்கைக்கு எல்லை வையுங்கள். எந்த மொழி, என்ன சொல் என்பதில் தலையிடாதீர்கள். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் ஐரிஷ் மொழியில் வாசகம் வெட்ட விரும்பியபோது, மொழிபெயர்ப்பும் சேர்த்து வெட்டினால்தான் அனுமதி என்று 2020இல் ஒரு திருச்சபை நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் 2021இல் அது ரத்தாகி, மொழிபெயர்ப்பு இல்லாமலே வெட்ட அனுமதி கிடைத்தது. அந்த அலைச்சல் எதற்கு?

நீங்கள் தலையிட வேண்டிய இடம் வேறு: எழுத்து எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது. சாய்மானத்தின் நடுவில் பெயரை வெட்டினால் யாராவது உட்கார்ந்ததும் பெயர் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இருக்கையின் மேல் வெட்டினால் அதன்மேலேயே உட்கார வேண்டும். பெயரின் மேல் உட்காரக் கூசி ஓரத்தில் ஒண்டிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாய்மானத்தின் மேல் சட்டத்தில் வெட்டினால் உட்கார்ந்தாலும் மறையாது. தமிழில் வெட்டுகிறவர்கள் எழுத்தைச் சின்னதாக்கவே கூடாது. சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளிகள் பாசியில் காணாமல் போகும், ஒரு புள்ளி போனால் பெயரே மாறும். ஓர் அங்குலத்துக்குக் குறைந்த எழுத்துக்கு அனுமதி தராதீர்கள். கல்லில் வெட்டுமுன் முழு அளவில் தாளில் அச்சிட்டுக் குடும்பத்தில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்றும் சேருங்கள். தகடு பொருத்துவதானால் வெண்கலமும் பித்தளையும் பழைய உலோகக் கடைக்குப் போய்ச் சேர்வது எல்லா இடத்திலும் நடக்கிறது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மரத்திலேயே ஆழமாகச் செதுக்கிய பெயரை யாரும் கழற்றிக்கொண்டு போக முடியாது.

உங்களைப்போன்ற பொறுப்பில் இருந்தவர்கள் இதை நன்றாகச் செய்த ஓர் உதாரணம் எனக்குத் தெரியும், கொஞ்சம் பழைய உதாரணம். இத்தாலியில் பாம்பேய் என்ற ஊர், கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை கக்கிய சாம்பலில் மூடிப்போனது. அந்த ஊரின் கோட்டை வாசலுக்கு வெளியே, சாலையோரமாகக் கல்லறைகள். அவற்றில் சில, அரைவட்டமாக வளைந்த பெரிய கல் பெஞ்சுகள். மாமியா என்ற பூசாரிப் பெண்ணின் நினைவாக அமைந்தது அதில் ஒன்று. சாய்மானத்தின் வளைவு முழுக்கப் பெரிய பெரிய எழுத்தில் ஒரே வாக்கியம் ஓடுகிறது: இவருடைய பெயர், இவர் ஊர்ப் பூசாரி, இந்த இடம் நகர மன்றத்தின் தீர்மானப்படி தரப்பட்டது. அவ்வளவுதான். சாலையில் வருகிற யாரும் உட்காரலாம். நகர மன்றம் செய்ததைப் பாருங்கள்: நல்ல இடத்தை, ஊர் வாசலருகே, ஆட்கள் நடக்கும் வழியில் கொடுத்தது. தன் பெயரையும் அந்தக் கல்லில் சேர்த்துக்கொண்டது. அந்தப் பெருமை உங்களுக்கும் கிடைக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். "நிர்வாகக் குழு அனுமதித்த இடம்" என்று ஒரு சின்ன வரியை எங்கள் பெஞ்சில் வெட்டச் சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

காலவரையறையைப் பற்றி உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெஞ்சு எத்தனை வருஷத்துக்கு? உடைந்தால் யார் சரிசெய்வது? குடும்பம் ஊர் மாறிப்போய்விட்டால் யாருக்குத் தகவல் சொல்வீர்கள்? பல நாடுகளில் நினைவு பெஞ்சு என்பது நிரந்தரச் சொத்தல்ல, பத்து ஆண்டு போல ஒரு காலத்துக்கு ஏற்பாடு, பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் கல்லறை நிலமே வரையறுத்த காலத்துக்குத்தான் தரப்படுகிறது. எந்த முறை வைத்தாலும் எனக்குச் சம்மதம். முதல் நாளே எழுத்தில் சொல்லுங்கள். பெஞ்சை எடுக்க நேர்ந்தால் பெயர் வெட்டிய பகுதியைக் குடும்பத்திடம் ஒப்படைப்போம் என்ற வரியும் அதில் இருக்கட்டும்.

பராமரிப்புக்கு ஒரு சின்னத் தாள் போதும். கல்லைத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் வைத்துக் கழுவலாம். அமிலம், பிளீச்சிங் பவுடர், கம்பித் தூரிகை, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரம் எதுவும் கூடாது. பாசமிகுதியில் அமிலம் ஊற்றிப் பளிங்கைத் தேய்த்துப் பாழாக்கியவர்கள் இருக்கிறார்கள். மர பெஞ்சென்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஆணிகளையும் ஆட்டத்தையும் பார்த்தால் சரி.

இவ்வளவையும் எழுதிய பிறகு, எங்கள் விண்ணப்பத்தில் செய்த மாற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் கல்லறைக்கென்று தனி பெஞ்சு கேட்டிருந்ததை விட்டுவிட்டு, அந்த வரிசை முடிகிற இடத்தில், பாதையோரம், மரநிழல் விழும் பக்கத்தில் ஒரு பெஞ்சு கேட்கிறோம். அங்கிருந்து பார்த்தால் அப்பாவின் கல் தெரிகிறது. இன்னும் எத்தனையோ பேரின் கல்லும் தெரிகிறது. அந்த வரிசையில் பெஞ்சு போட வசதியில்லாத குடும்பங்கள் உண்டு. யார் வந்தாலும் உட்காரட்டும். மேல் சட்டத்தில் அப்பாவின் பெயரோடு, விரும்புகிற குடும்பங்கள் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள இடம் விடுகிறோம், பணம் எதுவும் கேட்கமாட்டோம். உங்கள் படிவத்தில் இதற்குக் கட்டமே இல்லை. ஒரு கல்லறை எண் இருந்தால்தான் விண்ணப்பத்தை ஏற்பார்களாம். வரிசைக்கும் ஓர் எண் போட்டுக் கொடுத்துவிடுங்களேன். வரிசைக்கொரு பொது பெஞ்சு என்று வந்துவிட்டால் இயந்திரத்துக்கும் வழி இருக்கும், பக்கத்துக் கல்லறையில் கால் படும் தகராறும் இருக்காது, புல் வெட்டுகிறவரும் நிம்மதியாக இருப்பார். கல்லறை மேலேயே தனி பெஞ்சு வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கும் நான் மேலே சொன்ன அளவுகளுக்குள் அடங்கினால் கொடுங்கள். அவரவர் மனம் அவரவருக்கு.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். முடிவு எதுவானாலும் அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். வரைவு எழுத ஆள் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். அளவுநாடாவோடு வருகிறேன், அம்மாவையும் கூட்டி வருகிறேன். இருக்கை உயரத்தை அவர் எழுந்து காட்டியே முடிவு செய்துகொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தோட்டத்தில் தந்தையை அடக்கம் செய்திருக்கும் ஒரு மகன்